பெட்சினா மூடிய கடல்

வைசாரோவில் கடல் வெளுத்தபோது, யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. வேறு ஊராக இருந்தால் வெயில் என்றோ ஏதோ நோய் என்றோ சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படி நினைக்கத் தோன்றாது. வெளுத்தது மூடிய கடல். தீவின் முனைக்கு இப்புறம் இருக்கிற அந்தப் பாறைத்திட்டைப் போன ஈஸ்டர் அன்று ஆண்டவர் பெயரைச் சொல்லி மூடியிருந்தோம். அடுத்த ஈஸ்டர் வரை அதில் ஒருவர் கையும் படக்கூடாது. இந்தப் பூட்டுக்குத்தான் சாசி என்று பெயர். நாலு கழி நட்டு, குருத்தோலை கட்டினால் முடிந்தது. ஓலை காய்ந்து உதிர்ந்தாலும் பூட்டு பூட்டுதான், மீறினால் கடல் கோபிக்கும்.

பூட்டின கடலில் பவளப்பாறை வேகவைத்த எலும்பாக வெளுத்துக் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த லோலாச் சங்குகள் பிடி விட்டு மணலில் மல்லாந்து விழுந்தன. சட்டைப் பொத்தானுக்கென்று வெளியூர்க்காரர்கள் போட்டி போட்டு வாங்குகிற சங்கு அது. கடல் அட்டைகள் தோல் உரிந்து தொளதொளவென்று ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் யாரும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

போதகர் ஃப்ரித்ஸ் வேறு தீவுக்காரர், சண்டை என்றாலே அவருக்கு வியர்க்கும். “யாராவது தெரியாம எடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஆண்டவர் மன்னிக்கிறவர்” என்றார்.

“ஆண்டவர் மன்னிப்பாரு ஐயரே. நாங்க மன்னிப்போமான்னு கேளுங்க” என்றாள் யாக்கோமினா. ஊரிலேயே பெரிய உடம்பும் பெரிய வாயும் அவளுக்குத்தான். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தலைகள் ஒவ்வொன்றாகக் கடைசி இருக்கைப் பக்கம் திரும்பின. அங்கே ஒர்பா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன எல்லாரும் கழுத்தைத் திருப்புறீங்க? சுளுக்கிக்கப் போகுது” என்றாள் ஒர்பா. “வாங்க, வீட்டுக்கு வந்து என் சட்டியை மோந்து பாருங்க. சாகு மாவுக் கூழைத் தவிர வேற வாடை அடிச்சா என்னைக் கட்டி இழுங்க.”

முன் இருக்கையில் இருந்த பெட்சினா மட்டும் திரும்பவில்லை. மூடிய கடலுக்குப் பொறுப்பு அவள். ஈஸ்டர் அன்று ஊருக்காகப் பொருத்தனை வாசகத்தைச் சொன்ன வாய் அவளுடையது. ஒர்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை.

பெட்சினாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். இளவயதில் ஆழம் முங்கி முங்கி இடது காதின் சவ்வு கிழிந்துபோனது. அதனால் யார் பேசினாலும் வலது கன்னத்தைக் காட்டிக் கேட்பாள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அவள் முறைத்துக்கொள்கிறாள் என்று படும். பாதி நேரம் முறைக்கத்தான் செய்வாள். புருஷன் செத்த வருஷம் அவள்தான் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், எங்களுக்கும் மூடுவதற்கு ஒரு துண்டுக் கடல் வேண்டும் என்று ஆண்களிடம் கேட்டவள். நல்ல திட்டையெல்லாம் தங்களுக்கு வைத்துக்கொண்டு, முனைக்கு இப்புறம் அலை அடிக்கிற கல்லுக்காட்டைத் தூக்கிக் கொடுத்தார்கள். அங்கே இருப்பது நண்டு மட்டும்தான், இனி உங்கள் வாயும் சேர்ந்துகொள்ளும் என்று கேலி வேறு. சில வருஷம் பொறுத்து மூடித் திறந்ததில் அந்தக் கல்லுக்காட்டில் லோலா கொத்துக் கொத்தாய் ஏறிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற படகும், பாதி வீடுகளின் தகரக் கூரையும் அதில் வந்தவைதான். அப்புறம்தான் ஆண்களுக்கு அது தங்கள் தாத்தா கடல் என்று ஞாபகம் வந்தது. “தாத்தாகிட்டயே போய்க் கேட்டு வாங்கிக்கோங்க” என்று பெட்சினா சொன்னதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் சொல்கிற பொருத்தனையின் கடைசி வரி ஒன்றுண்டு. ‘இதை மீறி எடுக்கிறவன் வீட்டில் கடல் வந்து கணக்குக் கேட்கட்டும்.’ அந்த வரிக்கு மட்டும் தேவாலயம் அதிர ஆமென் சொல்வார்கள்.

பல வருஷம் முன்னால் ஒரு தென்காற்றுக் காலம் முடியாமல் நீண்டது. படகு இறங்க வழியில்லை. தோப்பில் சாகு மரம் இடித்து மாவெடுக்கப் போனவர்களும் மழையில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தப் பஞ்சத்தில் ஒர்பாவின் புருஷன் நஃப்தாலி மூடிய கடலில் இறங்கி ஒரு கூடை அட்டை எடுத்து, ஒதுங்கியிருந்த வியாபாரப் படகில் கொடுத்து அரிசி வாங்கினான். பிடிபட்டான். தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்தது பெட்சினாதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பசி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே அவர்கள் பையன் காய்ச்சலில் செத்துப்போனான். கடல் கணக்குக் கேட்டுவிட்டது என்று ஊர் பேசியது. நஃப்தாலி சோரோங் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன் திரும்பவே இல்லை. ஒர்பா தங்கிவிட்டாள். ஊரில் அவளைப்போல மூச்சடக்கி முங்க ஆள் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு கடல் திறக்கிற நாளில் அவள் இறங்கியதில்லை, பங்கும் வாங்கியதில்லை. அதற்குப் பிறகு மூடிய கடலில் ஒருவனும் திருடவும் இல்லை.

மறுநாள் காலையில் பெட்சினா தனியாகச் சிறு தோணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேல்காற்று அடிக்கவேண்டிய மாதம் அது. அந்த வருஷம் ஓலைகூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிப் பளபளவென்று கிடந்தது. மூடிய திட்டில் இறங்கி நின்றாள். இடுப்புவரைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுகிற சூடு. அவள் அப்படியே தோணியைத் திருப்பிக்கொண்டு முனையைச் சுற்றி வெளிப்பாறைக்குப் போனாள். அது பொதுக் கடல். யாரும் மூடியதில்லை, யாரும் பொருத்தனை பண்ணியதில்லை, யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். குனிந்து பார்த்தாள். அதுவும் வெளுத்துக் கிடந்தது.

இங்கே யார் என்ன திருடினார்கள் என்று கடல் கணக்குக் கேட்டது? அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இன்னும் போனாள். இரண்டு தீவுக்கும் நடுவில் நீரோட்டம் இழுக்கிற கால்வாய்க்குள் நுழைந்ததும், தண்ணீரில் விட்டிருந்த கை சில்லிட்டது. அடியில் பாறை பழுப்பும் பச்சையுமாக உயிரோடு தெரிந்தது. லோலாவைக் கொண்டுவந்து இங்கே விட்டால் பிழைக்கும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய யோசனை ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த யோசனைதான் அவளை நிறுத்தியது. தொட்டால் பொருத்தனை முறியும். கடல் கணக்குக் கேட்கும் என்று நம்புகிற ஊரில் எவளும் தொட இறங்கமாட்டாள். இறங்கவைக்க வேண்டுமென்றால், கடல் அப்படியெல்லாம் கேட்காது என்று பெட்சினாவே வாய்திறந்து சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லிவிட்டால் செத்த அந்தப் பையனைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சொன்ன பிறகு ஊருக்குப் பயம் விட்டுப்போகும். பயம் போனால் பூட்டு ஏது? சொல்லாவிட்டால், ஈஸ்டருக்குக் கடலைத் திறக்கும்போது காலி ஓடுதான் இருக்கும்.

தோணியில் உட்கார்ந்தபடியே அவள் அழுதாள். கடலுக்காக அழுதாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வெட்கத்தில் அழுதாள்.

ஊரின் கடைசி வீடு ஒர்பாவுடையது. அவள் முற்றத்தில் புகைமூட்டத்தில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாக்கா. சட்டியை மோந்து பாக்க வந்தியா?”

“வெளிப்பாறையும் வெளுத்திருக்கு ஒர்பா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா நேத்து ஏன் சொல்லல?”

“நான் சொன்னா? திருடன் பொண்டாட்டி சாட்சி சொல்ல வந்துட்டான்னு யாக்கோமினா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பா. நீயும் உக்காந்து கேட்டுட்டுதான் இருந்திருப்ப.”

பெட்சினா நின்றபடியே இருந்தாள். உட்காரு என்று ஒர்பா சொல்லவில்லை.

“உன் பையன்...”

“பேரைச் சொல்லு. அவனுக்குப் பேரு இருக்கு. கடல் எடுத்த புள்ளன்னு சொல்லிச் சொல்லி, இந்த ஊர்ல ஒருத்தர் வாயிலயும் அவன் பேரு வர்றதில்ல.”

“ஒபெத்” என்றாள் பெட்சினா.

ஒர்பா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். “ஒபெத்துக்குக் குளிர்காய்ச்சல்க்கா. அந்தக் காத்துல மருந்துப் படகு வரல. அவ்வளவுதான். இத்தனாம் பெரிய கடலுக்கு ஒரு சின்னப் பையன் என்னத்துக்கு?”

“எனக்கு அது அப்பவே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“காய்ச்சல்லதான் போனான்னு. ஊரு வேற மாதிரி பேசுச்சு. நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். பயம் இருந்தா ஒருத்தனும் கை வைக்க மாட்டான், கடல் பிழைச்சுக்கும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

புகைக்குள் மீன் கருகுகிற வாடை வந்தது. ஒர்பா அதைத் திருப்பவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இத்தனை வருஷம் தான் சுமந்த பழி பொய் என்று இன்னொருத்திக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“வெளியில போக்கா” என்றாள்.

பெட்சினா வேலி வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. அப்புறம் என் மூஞ்சியைப் பாரு.”

புதன்கிழமை மணி அடித்துக் கூட்டினார்கள். திருடன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஆண்களும் வந்துவிட்டார்கள். பெட்சினா முன்னால் வந்து, நஃப்தாலியை நிற்கவைத்த அதே இடத்தில் நின்றாள். வெளிப்பாறையில் பார்த்ததைச் சொன்னாள். தண்ணீர் சூடு என்றாள், திருட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றாள். பிறகு சொன்னாள்: “ஒர்பா பையன் ஒபெத் காய்ச்சல்ல செத்தான். கடல் எடுக்கல. அது எனக்குத் தெரிஞ்சும் உங்களை அப்படி நம்ப விட்டேன்.”

யாக்கோமினாதான் முதலில் கேட்டாள், கேலி இல்லாமல். “அப்போ இனிமே எவன் பயப்படுவான் அக்கா?”

“தெரியல.”

“தெரியலைன்னா எப்படி? ராத்திரி பகல்னு நீ போய்க் காவல் நிப்பியா?”

“தெரியலைடி. இப்போதைக்கு உசுரோட இருக்கறதை எடுத்துக் கால்வாய்ல விடணும். அது மட்டும்தான் தெரியும்.”

போதகர் மெதுவாக எழுந்தார். “ஆண்டவர்கிட்ட பண்ணின பொருத்தனையாச்சே, நாமளே எப்படி...”

“ஐயரே, காப்பாத்தத்தானே பூட்டினோம். வீடு தீப்பிடிச்சு எரியும்போது பூட்டின கதவைத் திறக்காதேன்னா ஆண்டவர் சொல்வாரு?” என்றாள் பெட்சினா.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் செய்த பெரிய உதவி அதுதான்.

கரைக்கு எல்லோரும் வந்தார்கள். கூடை, ஈரச்சாக்கு, தோணி எல்லாம் வந்தன. கழிகளுக்கு அந்தப்புறம் கால்வைக்க மட்டும் யாரும் வரவில்லை. ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டும் என்றாள், ஒருத்திக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. சொன்னதை நம்பாமல் இல்லை. ஆனால் முதல் கை தன்னுடையதாக இருக்கக்கூடாது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

பெட்சினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மல்லாந்து கிடந்த ஒரு லோலாவை எடுத்துக் கூடையில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். கரையில் நின்றவர்கள் அவளுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, முதுகு மட்டும் வலித்தது. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவளால் இடுப்பளவுக்கு மேல் போகமுடியாது. லோலா முக்கால்வாசியும் ஆழத்தில் இருந்தது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. மரச்சட்டம் போட்ட முங்குகண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒர்பா வந்துகொண்டிருந்தாள்.

“தள்ளுக்கா. நீ முங்கினா அப்புறம் உன்னைத் தேட ஒரு ஆள் வேணும்.”

அவள் முங்கினாள். வெகுநேரம் வரவில்லை. யாக்கோமினா ‘ஆண்டவரே’ என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஒர்பா மேலே வந்தபோது இரண்டு கையிலும் மார்பிலும் அணைத்தபடி சங்கு இருந்தது. கூடையில் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் மறுபடி முங்கினாள். அதற்குப் பிறகு வெட்கம் தாங்காமல் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். யாக்கோமினா இறங்கியதும், “ஒதுங்குங்க ஒதுங்குங்க, கடல் ஏறுது” என்று எவளோ சொன்னாள். கரையே சிரித்தது. ஒர்பா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஈரச்சாக்குப் போட்டு மூடி, தோணி தோணியாகக் கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஆண்களும் துடுப்புப் போட வந்தார்கள், தாத்தா பேச்சை எடுக்கவில்லை. பெரிய அட்டைகளை மட்டும் அவித்து உலர்த்தி வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டார்கள். எல்லாம் பிழைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். வழியிலேயே எத்தனையோ செத்தன. புது இடம் பிடிக்காமல் எத்தனையோ உருண்டுபோயின. பாதிக்கும் குறைவாகத்தான் ஒட்டிக்கொண்டது. முனைக்கு இப்புறம் இருந்த பாறையில் பாசி மண்டியது, அது இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது பெட்சினா அதன் பக்கம் வலது கன்னத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஈஸ்டர் அன்று கால்வாயை மூடினார்கள். புதுக் கழி, புது ஓலை. பெட்சினாவே சொல்லட்டும் என்றார் போதகர். அவள் சொல்லிக்கொண்டே வந்து கடைசி வரிக்கு முன்னால் நின்றாள். எல்லோரும் ஆமென் சொல்ல வாயைத் திறந்தபடி இருந்தார்கள். “பசிக்கு எடுக்க நினைக்கிறவன் முதல்ல எங்க வாசலுக்கு வரட்டும்” என்று முடித்தாள். ஆமென் சுரத்தில்லாமல் வந்தது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று வெளியே வந்ததுமே பேசிக்கொண்டார்கள். அவளும் அதையேதான் நினைத்தாள். தென்காற்றுக் காலம் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் குறைந்தது. கடல் இனி அவள் சொல்லை நம்பித்தான் இருந்தது, அவளுக்கே அந்தச் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

காற்று வந்தது, வழக்கத்தைவிட முன்னாலேயே. மேல்காற்று காணாமல் போன வருஷத்தில் தென்காற்று மட்டும் சொன்னபடி நடக்குமா? படகுகள் கரையேறின. ஒரு மத்தியானம், மழையில் நனைந்துகொண்டு மெல்கி என்கிற இளவட்டம் பெட்சினா வாசலில் வந்து நின்றான். கைக்குழந்தைக்காரன். கழுத்தில் முங்குகண்ணாடி தொங்கியது.

“பெரியம்மா, வீட்டுல சாகு இல்ல. கால்வாய்ல இறங்கலாம்னு கிளம்பிட்டேன். வழியில... நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு.”

பெட்சினா உள்ளே போய்ப் பானையைப் பார்த்தாள். அடியில் ஒரு பிடி இருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மழையோடு கடைசி வீட்டுக்கு நடந்தாள். இதற்கு முன் அந்த வீட்டில் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

ஒர்பா இருவரையும் பார்த்தாள், அவன் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஓலைப்பையில் சாகுமாவையும் மூன்று புகைமீனையும் எடுத்துவந்து மெல்கி கையில் கொடுத்தாள். “அதைக் கழட்டிட்டுப் போடா. இன்னைக்கு அது உனக்கு வேண்டாம்” என்றாள். அவன் கண்ணாடியைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு ஓடினான்.

பெட்சினா கூரைக்கடியில் ஒதுங்கி நின்றாள். ஒர்பா அந்தக் கண்ணாடியை எடுத்து பாவாடை நுனியால் துடைத்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றாள். “அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு இந்த மாதிரி உன் வாசல்ல வந்து நின்னிருந்தா, குடுத்திருப்பியா?”

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்வது அப்போது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

“குடுத்திருக்க மாட்டேன் ஒர்பா” என்றாள் பெட்சினா. “விரட்டியிருப்பேன்.”

ஒர்பா தலையை ஆட்டினாள். கண்ணாடியை ஆணியில் மாட்டினாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்து, “உக்காருக்கா” என்றாள்.